ஒகோவே ஆற்றங்கரையில் ஓர் அறவோர்

சென்ற தசலக்ஷண நோன்பு நாள்களில் ஒரு மாலை, கதிர் மறையுமுன் உண்டு முடித்துத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். அப்போது நம் பேத்தி ஒரு வினா எழுப்பினாள். எறும்புக்கும் புழுவுக்கும் இரங்குகின்ற அறம் நம்மவரிடையே மட்டுந்தான் உள்ளதா, கடல் கடந்த நாடுகளில், புலாலுண்ணும் மக்களிடையே பிறந்த எவர்க்கேனும் அத்தகைய எண்ணம் தோன்றியதுண்டா என்று கேட்டாள். தோன்றியதுண்டு என்றோம். அன்று தொடங்கி நான்கு மாலைகளில் அவளுக்குச் சொன்ன ஒருவரின் வாழ்க்கையையே இங்குச் சிராவக சிராவகியர் அனைவர்க்கும் எழுதுகின்றோம். அவர் பெயர் ஆல்பர்ட் ஷ்வைட்சர். அவர் சமயத்தால் கிறித்தவர். தொழிலால் சமயப் பேராசிரியராகவும் இசைவல்லுநராகவும் மருத்துவராகவும் விளங்கியவர். இந்திய மண்ணை மிதித்தவரல்லர். ஆயினும் நம் அகிம்சை அறத்தைப் பற்றி ஊன்றிக் கற்று எழுதியவர்.

பிறப்பும் இளமையும்

1875-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14-ஆம் நாள், அல்சாஸ் நாட்டின் கைசர்ஸ்பெர்க் என்னும் சிற்றூரில் ஷ்வைட்சர் பிறந்தார். அல்சாஸ் பிரான்சுக்கும் செருமனிக்கும் இடையில் அமைந்த மலைசார்ந்த நிலம். 1871-இல் நிகழ்ந்த போரின் முடிவில் அது செருமனியின் வசமாயிற்று. ஆகவே குழந்தை செருமானியக் குடிமகனாகப் பிறந்தது. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னாளில் இதனால் அவருக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. தந்தையார் லூயி ஷ்வைட்சர் சீர்திருத்தக் கிறித்தவ சபையின் போதகர். குழந்தை பிறந்த சில திங்களில் குடும்பம் குன்ஸ்பாக் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்குத்தான் அவர் வளர்ந்தார்.

பள்ளிக்குச் செல்லுமுன்னரே அச்சிறுவனுக்கு ஓர் ஐயம் எழுந்தது. இரவில் தாயுடன் சேர்ந்து செய்யும் வழிபாட்டில் மனிதர்க்காக மட்டுமே வேண்டுகின்றார்களே, ஏனைய உயிர்கள் என் செய்யும் என்பதே அது. தாய் முத்தமிட்டு விளக்கை எடுத்துச் சென்ற பின்னர், மூச்சுவிடும் உயிர்கள் யாவும் தீங்கின்றி அமைதியாக உறங்க வேண்டுமென்று தானே அமைத்துக்கொண்ட வேண்டுதலை அவன் மனத்துக்குள் சொல்லிக்கொள்வான். இதனை அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

நொண்டிக் கிழக்குதிரை ஒன்றைக் கோல்மார் நகரத்துக் கொலைக்களத்திற்கு ஒருவன் முன்னின்று இழுக்க, மற்றொருவன் பின்னின்று தடியால் அடித்துச் சென்ற காட்சி பல கிழமைகள் அவன் உறக்கத்தைக் கெடுத்தது. ஆயினும் அவன் பிறவியிலேயே குற்றமற்றவன் என்று எண்ணிவிடலாகாது. வீட்டு நாயைக் கட்டுப்படுத்துவதற்குத் தானே சாட்டையைக் கையிலேந்தி நின்றதையும், அண்டை வீட்டாரின் கிழக்குதிரையை விளையாட்டு வேகத்தில் ஓட்டியதையும், அதன் விலா இரைப்பதைக் கண்டு பின்னர் நாணியதையும் ஷ்வைட்சர் தம் இளமை நினைவுகளில் ஒளிக்காமல் எழுதியுள்ளார். தூண்டிலிட்டு மீன் பிடிக்க இருமுறை சென்றார். புழுவைக் கொளுவுவதையும் மீனின் வாய் கிழிவதையும் காணப் பொறாமல் அதனையும் கைவிட்டார்.

உண்டிவில்லும் கோயில் மணியும்

அவருக்கு ஏழு அல்லது எட்டு வயது இருக்கும். இளவேனில் தொடங்கிய ஒரு காலை, தோழன் ஒருவன் பறவைகளை அடிக்கலாம் வா என்று அழைத்தான். இருவரும் ரப்பர்ப் பட்டையால் உண்டிவில் செய்து வைத்திருந்தனர். மறுத்தால் தோழன் நகைப்பானே என்று அஞ்சிச் சிறுவன் உடன் சென்றான். இலை துளிர்க்காத மரத்தில் பறவைகள் அச்சமின்றிப் பாடிக்கொண்டிருந்தன. தோழன் குனிந்து கல்லைத் தொடுத்தான். இவனும் தொடுத்தான், ஆனால் குறி தவற எறிவதென்று மனத்துள் உறுதி செய்துகொண்டான். அந்நொடியில் ஊர்க்கோயில் மணி ஒலித்தது. உண்டிவில்லை வீசியெறிந்தான், தோழனின் கல்லுக்கு இரையாகாதபடி பறவைகளைக் கூவி விரட்டினான், வீட்டுக்கு ஓடினான். பிறர் நகைப்பார்களே என்ற அச்சத்தை அன்றுதான் துறக்கத் தொடங்கியதாகப் பின்னாளில் அவர் எழுதினார். கொல்லாமையைக் கற்றதோடு கூச்சமின்றி நன்மையின் பக்கம் நிற்கவும் அன்று அவர் கற்றார்.

இவ்விடத்தில் நம் வாழ்வின் ஒரு நிகழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். வந்தவாசிப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் நாம் ஆசிரியையாகப் பணியாற்றிய தொடக்க நாள்களில், மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பள்ளி வளாகத்து வேப்பமரத்தில் இருந்த அணிற்பிள்ளையை உண்டிவில்லால் அடித்து வீழ்த்தினான். நாம் சினங்கொண்டு அவன் உள்ளங்கையில் பிரம்பால் ஆறு அடி அடித்தோம். உயிரை அடிக்கலாகாது என்பதை அடித்தே அறிவுறுத்தினோம். அவன் அழவில்லை, கையை மடக்கிக்கொண்டு நம்மையே பார்த்தான். அதன்பின் அவன் உண்டிவில்லைப் பள்ளிக்குக் கொணர்வதை நிறுத்தினான். ஏரிக்கரையில் மறைந்து அடித்தான் என்று கேள்வியுற்றோம். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் உளவியல் படித்து வந்திருந்தும், அவனும் ஐயறிவுடைய ஓர் உயிர் என்பது அன்று நமக்குத் தோன்றவில்லை. பல்லாண்டுகள் கழித்து ஷ்வைட்சரின் மணியோசை நிகழ்ச்சியைப் படித்தபோது அச்சிறுவனின் பார்வை நினைவுக்கு வந்தது. பிரம்பு செய்யாத வேலையை ஒரு மணியோசை செய்திருக்கின்றது.

முப்பதாம் அகவையின் முடிவு

ஷ்வைட்சர் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் சமயவியலும் பயின்றார். 1899-இல் செருமானிய அறிஞர் காண்ட்டின் சமயக் கொள்கையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். ஆர்கன் எனப்படும் பெருங்குழலிசைக் கருவியைப் பாரிசு நகரில் விடோர் என்னும் பேராசானிடம் கற்றார். யோஹான் செபாஸ்டியன் பாக் என்னும் இசைமேதையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1905-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு வெளியான இயேசு வரலாற்று ஆராய்ச்சி நூல் ஐரோப்பிய அறிஞரிடையே அவர் பெயரை நிலைநாட்டியது.

இவ்வளவு பேறு பெற்றவருக்கு உள்ளத்தில் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. இளமையில் ஏழைத் தோழன் ஒருவனை மற்போரில் வீழ்த்தியபோது, கிழமைக்கு இருமுறை இறைச்சிச்சாறு உண்ணும் வசதி தனக்கிருந்தால் தானும் வென்றிருப்பேன் என்று அத்தோழன் கூறியது அவரை விட்டு அகலவில்லை. பலர் துன்புறும்போது தாம் மட்டும் இன்பத்தை உரிமையாக எண்ணித் துய்க்கலாகாது என்ற எண்ணம் முதிர்ந்தது. 1896-ஆம் ஆண்டு, தம் 21-ஆம் அகவையில் ஒரு திருநாள் காலை, முப்பது வயதுவரை கல்விக்கும் கலைக்கும் வாழ்வது, அதன்பின் மக்களுக்கு நேரடித் தொண்டாற்றுவது என்று முடிவு செய்தார்.

1904-இல் பாரிசு சமயப்பணிக் கழகத்தின் இதழ் ஒன்று அவர் பார்வையில் பட்டது. ஆப்பிரிக்காவின் காபோன் பகுதியில் தொண்டர்கள் தேவைப்படுவதை அது தெரிவித்தது. 1905 அக்டோபர் 13-ஆம் நாள், தாம் மருத்துவம் பயின்று ஆப்பிரிக்கா செல்லப்போவதைத் தெரிவிக்கும் மடல்களைப் பாரிசில் அஞ்சலில் சேர்த்தார். உற்றாரும் நண்பரும் திகைத்தனர், பலர் கடிந்தனர். பேராசிரியராய் இருந்தவர் மாணவர்களோடு மாணவராக அமர்ந்து உடற்கூற்றியல் கற்கத் தொடங்கினார்.

இவ்வுறுதிக்குத் துணைநின்றவர் எலேன் பிரெஸ்லாவ் அம்மையார். ஸ்ட்ராஸ்பர்க் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரின் மகளான இவர், கணவரின் பணிக்கு உதவும் பொருட்டுச் செவிலியர் பயிற்சி பெற்றார். 1912 சூன் 18-ஆம் நாள் இருவர்க்கும் திருமணம் நடைபெற்றது. ஷ்வைட்சரின் புகழைப் பாடுவோர் பலர். அம்மையாரின் உழைப்பை நினைப்போர் சிலரே. ஆதலின் இங்கே அதனைக் குறிக்கின்றோம்.

லம்பரேனே

1913 மார்ச்சுத் திங்களில் போர்தோ துறைமுகத்தில் கப்பலேறிய தம்பதியர், ஏப்பிரல் 16-ஆம் நாள் லம்பரேனேயை அடைந்தனர். அது நிலநடுக்கோட்டுக்கு அண்மையில், ஒகோவே ஆற்றங்கரையில், பெருங்காட்டின் நடுவே அமைந்த ஊர். மருத்துவமனைக் கட்டடம் எதுவும் அணியமாகவில்லை. கைவிடப்பட்ட கோழிக்கொட்டில் ஒன்றைத் தூய்மை செய்து சுண்ணாம்பு பூசி அதிலேயே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். முதல் ஒன்பது திங்களில் ஏறத்தாழ 2,000 பேர் வந்தனர். மலேரியா, தொழுநோய், சீதபேதி, குடலிறக்கம், ஆறாப் புண்கள், செட்சி ஈயின் கடியால் பரவும் உறக்கநோய் ஆகியன அங்கு மலிந்திருந்தன. ஜோசப் என்ற உள்ளூர்க்காரர் மொழிபெயர்ப்பாளராகவும் உதவியாளராகவும் துணைபுரிந்தார்.

நோயாளிகள் தனியே வரவில்லை. படகில் குடும்பத்தோடு வந்தனர். உறவினர் சமைத்து உண்டு நோயாளியைப் பேணினர். நெடுந்தொலைவிலிருந்து வந்தவர் தம் மக்களைப் பிரிந்து கட்டிலில் கிடந்தால் அச்சமே பாதி உயிரைக் குடிக்கும் என்பதை ஷ்வைட்சர் உணர்ந்து அவ்வழக்கத்தை ஏற்றுக்கொண்டார். ஆகவே அவர் மருத்துவமனை ஒரு சிற்றூர் போலவே வளர்ந்தது.

1914 ஆகத்தில் போர் மூண்டது. காபோன் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டது; ஷ்வைட்சர் தம்பதியரோ செருமானியக் குடிமக்கள். நேற்றுவரை மருந்து கொடுத்தவர் இன்று பகைநாட்டவராயினார். அவர்களை வீட்டுக்காவலில் வைத்துச் சில திங்கள் மருத்துவம் செய்யவும் தடை விதித்தனர். கையில் வேலையின்றி இருந்த அந்நாள்களில்தான் அவர் நாகரிகத்தின் சீர்கேட்டைப் பற்றிச் சிந்தித்து எழுதத் தொடங்கினார். கல்வியும் கலையும் செழித்த நாடுகள் ஒன்றையொன்று கொன்றுகுவிப்பது ஏன், அறத்திற்கு அசையாத அடித்தளம் எங்கே என்பதே அவருடைய வினா.

நீர்யானைகளின் நடுவே

1915 செப்டம்பரில், நோயுற்ற சமயப்பணியாளர் ஒருவரின் மனைவியைப் பார்ப்பதற்காக ஷ்வைட்சர் ஒகோவே ஆற்றில் நீண்ட படகுப் பயணம் மேற்கொண்டார். கோடைக்காலமாகையால் நீர் வற்றியிருந்தது. சிறிய நீராவிப் படகு மணல்திட்டுகளுக்கிடையே வழி தேடி ஊர்ந்தது. அவர் மேல்தளத்தில் அமர்ந்து, தம் வினாவுக்கு விடை காணாமல் தாளில் தொடர்பற்ற வாக்கியங்களை எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கதிரவன் மறையும் வேளையில் படகு நீர்யானைக் கூட்டம் ஒன்றின் ஊடே சென்றது. அப்போது எதிர்பாராது ஒரு தொடர் அவர் உள்ளத்தில் உதித்தது. செருமானிய மொழியில் அத்தொடரின் முதற்சொல் மதிப்பும் அச்சமும் கலந்தது. பெரியோர் முன்னிலையில் நிற்கும்போது எழுகின்ற உணர்வை அது குறிக்கும். தமிழில் அத்தொடரை உயிர் வணக்கம் என்று நாம் வழங்கலாம்.

அவர் கண்ட பொருள் இதுதான். நான் என்று உணரும் எவரும் முதலில் உணர்வது தமக்கு வாழும் விருப்பம் உண்டு என்பதை. அடுத்து உணர வேண்டுவது, தம்மைச் சூழ்ந்த ஒவ்வோர் உயிருக்கும் அதே விருப்பம் உண்டு என்பதை. இவ்விரண்டையும் உணர்ந்தவர்க்கு உயிரைக் காப்பதும் வளர்ப்பதும் நன்மை. அழிப்பதும் ஒடுக்குவதும் தீமை. ஐரோப்பிய மெய்யியல் மனிதர்க்கிடையே உள்ள கடமைகளை மட்டுமே அறம் என்று பேசி வந்தது. அவ்வேலியை அவர் பிடுங்கியெறிந்தார். 1923-இல் இரண்டு பகுதிகளாக வெளிவந்த நாகரிகம் பற்றிய மெய்யியல் நூலில் இக்கொள்கையை விரித்துரைத்தார்.

அந்நூலில் அவர் காட்டும் எடுத்துக்காட்டுகளைப் படிக்குந்தோறும் நம் இல்லங்களைப் பற்றியே எழுதினாரோ என்று வியப்போம். மழைக்குப்பின் சாலையில் கிடந்து வெயிலில் காயப்போகும் மண்புழுவை எடுத்துப் புல்லில் விடுதல், குட்டையில் விழுந்த பூச்சிக்கு இலை நீட்டிக் காத்தல் ஆகியவற்றை அவர் கூறுகின்றார். கோடை இரவில் விளக்கருகே பணி செய்வோர் சிறகு கருகிப் பூச்சிகள் மேசைமீது விழுவதைக் காண்பதினும் சன்னலை அடைத்துக்கொண்டு புழுக்கத்தில் இருப்பதே மேல் என்றும் எழுதினார். இரவில் விளக்கேற்றி உண்பதை நம் முன்னோர் விலக்கியதன் காரணம் நாம் அறிந்ததே. ஒருவரையொருவர் அறியாத இரு வழிகள் ஒரே விளக்கின் முன் வந்து நிற்கின்றன.

தேரையும் பனையும் கழுகும்

1917-இல் தம்பதியரைக் கைது செய்து பிரான்சுக்குக் கொண்டுசென்று முகாம்களில் அடைத்தனர். 1918-இல் விடுதலை பெற்றபோது ஷ்வைட்சர் நோயாலும் கடனாலும் நலிந்திருந்தார். 1919 சனவரி 14-ஆம் நாள், தம் பிறந்தநாளிலேயே மகள் ரேனாவைப் பெற்றார். சொற்பொழிவும் ஆர்கன் இசையும் நிகழ்த்திக் கடனடைத்து, 1924-இல் மீண்டும் லம்பரேனே சென்றார். உடல்நலம் குன்றிய அம்மையாரால் அம்முறை உடன்செல்ல இயலவில்லை. பழைய மருத்துவமனை காடு மண்டிக் கிடந்தது. பஞ்சமும் சீதபேதியும் சேர்ந்து வாட்டிய ஆண்டுகளில் புதிய இடம் தேர்ந்து, தாமே மேற்பார்வையிட்டுக் கட்டி, 1927-இல் மருத்துவமனையை அங்கு மாற்றினார்.

கட்டடம் எழும்பிய நாள்களில் தூண் நடுவதற்குக் குழி தோண்டுவர். தூணை இறக்குமுன் ஷ்வைட்சர் குழிக்குள் நோக்குவார். தேரையோ எறும்போ வேறு சிற்றுயிரோ விழுந்திருந்தால் கையால் எடுத்து வெளியே விட்ட பின்னரே தூண் இறங்கும். உடனுழைத்தோர்க்கும் இதனைப் பழக்கினார். நிலத்தைத் திருத்துகையில் எண்ணெய்ப் பனைகள் இடையூறாக நின்றன. வெட்டுவது எளிது; அவரோ வேரோடு அகழ்ந்து வேறிடத்தில் நடச் செய்தார். விலங்குக்கு இரங்குவதைப் புரிந்துகொண்ட வேலையாள்கள், பனைமரம் வாழ்வதற்காகத் தாங்கள் அதனைச் சுமக்க வேண்டும் என்பதை விந்தையான கொள்கையாகக் கருதினர். ஓரறிவுயிர்க்கும் வலி உண்டென்று கற்று வளர்ந்த நமக்கு அது விந்தையாகத் தோன்றாது.

தாயை இழந்த மான்கன்றுகளும் கூழைக்கடாக்களும் குரங்குகளும் மருத்துவமனை வளாகத்தில் வளர்ந்தன. அவர் எழுதிக்கொண்டிருக்கையில் பூனை இடக்கையின்மேல் உறங்கினால், அது விழிக்கும்வரை அக்கையை அசைக்கமாட்டார். மேசையில் ஊரும் எறும்புகளுக்கும் உணவு வைப்பார்.

இவ்வளவும் இனிய கதைகள். ஆனால் ஷ்வைட்சரை நாம் மதிப்பது இவற்றினும் கடினமான ஒன்றுக்காக. ஒருமுறை ஆற்று மணல்திட்டில் சிலர் இளங்கழுகு ஒன்றைப் பிடித்துத் துன்புறுத்தக் கண்டு விலை கொடுத்து வாங்கினார். அது மீனை மட்டுமே உண்ணும் கழுகு. அதனைப் பட்டினியால் சாகவிடுவதா, அதன்பொருட்டு நாள்தோறும் சிறுமீன்களைக் கொல்வதா என்ற கேள்வி எழுந்தது. மீன்களைக் கொடுப்பதென்றே முடிவு செய்தார். ஆனால் ஒவ்வொரு நாளும் ஓருயிரைக் காக்க மற்றோருயிரைத் தம் பொறுப்பில் பலியிடுவதன் சுமையை உணர்ந்தார். உறக்கநோய்க்குப் புதிய மருந்து வந்தபோது, முன்பு சாவை மட்டுமே காணவேண்டியிருந்த இடத்தில் உயிர் பிழைப்பதைக் கண்டு மகிழ்ந்தார். ஆயினும் நுண்ணோக்கியில் அந்நோய்க்கிருமிகளைக் காணும்போதெல்லாம், இவற்றையும் அழித்தே அதனைச் செய்கின்றோம் என்று எண்ணாமலிருக்க அவரால் இயலவில்லை.

உயர்ந்த உயிர், தாழ்ந்த உயிர் என்று மனிதர் வகுப்பது தமக்கு எவ்வுயிர் நெருக்கமாகத் தோன்றுகிறதோ அதைப் பொறுத்ததே என்பது அவர் கருத்து. தவிர்க்க முடியாத நிலையில் மட்டும் ஓருயிருக்குத் தீங்கு செய்யலாம். அப்போதும் குற்றவுணர்வைத் துறக்கலாகாது. கால்நடைக்காகப் புல்லறுக்கும் உழவர் ஆயிரம் பூக்களை அரிய நேரலாம். வீடு திரும்பும் வழியில் பொழுதுபோக்காக ஒரு பூவையும் கிள்ளலாகாது என்றார். நம் நூல்கள் இல்லறத்தார்க்கு நேரும் இம்சையைச் சங்கற்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நால்வகையாகப் பிரித்து, வேண்டுமென்றே செய்யும் சங்கற்பி இம்சையை முற்றிலும் துறக்குமாறும், ஏனையவற்றில் விழிப்போடிருக்குமாறும் கூறுவதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகைப்படுத்துவதும் தீங்கைக் குறைக்கும் பொருட்டே. ஓரறிவுயிர் மதிப்பற்றது என்று சொல்வதற்கன்று.

நம் அறத்தைக் குறித்து அவர் எழுதியது

இளமையில் செருமானிய மெய்யியலார் ஷோப்பன்ஹாவரின் நூல்களைப் படித்தது முதலே ஷ்வைட்சருக்கு இந்தியச் சிந்தனையில் ஈடுபாடு உண்டு. இந்தியச் சிந்தனையாளரின் உலகநோக்கு பற்றிய அவர் நூல் 1935-இல் வெளிவந்தது. கொல்லாமையை, இன்னா செய்யாமையைச் சமணம் ஓர் அறக்கட்டளையாக நிலைநாட்டியது மானிட குலத்தின் ஆன்மிக வரலாற்றில் மிகப் பெரிய நிகழ்ச்சிகளுள் ஒன்று என்று அந்நூலில் அவர் போற்றினார். ஐரோப்பியச் சிந்தனை நெடுங்காலம் எட்டாத எல்லையற்ற அறத்தை இந்தியா முன்னரே எட்டியதை ஒப்புக்கொண்டார். திருக்குறளையும் அவர் எடுத்துப் பேசினார். உலகைத் துறக்கும் நோக்கிலிருந்து விலகி, அன்பும் செயலும் நிறைந்த அறத்தை அது கூறுவதாகப் பாராட்டினார். அக்குறளை ஏலாசாரியர் எனப்படும் குந்தகுந்தர் அருளியதாக நம் மரபு போற்றுவதை அன்பர்கள் அறிவர்.

அதே நூலில் அவர் கூறிய ஒரு குறையையும் மறைப்பது நேர்மையாகாது. சமணரின் அகிம்சை, உயிர்மீது கொண்ட இரக்கத்தினின்று பிறந்ததன்று. உலகத் தொடர்பால் மாசுபடாமல் தன்னைக் காத்துக்கொள்ளும் நோக்கினின்று பிறந்தது என்றார். தீங்கு செய்யாமலிருப்பதை வற்புறுத்தும் அளவு, முன்வந்து உதவுவதை அது வற்புறுத்தவில்லை என்றும் கருதினார்.

இது சரியன்று என்றே நாம் எண்ணுகின்றோம். எவ்வுயிரும் துன்பத்தை வெறுக்கின்றது, வாழ்வை விரும்புகின்றது. ஆதலால் எதனையும் வருத்தலாகாது என்று ஆசாராங்க நூலே காரணம் காட்டுகின்றது. ஆற்றின் நடுவே ஷ்வைட்சர் கண்டதும் இதுவன்றோ! உயிர்கள் ஒன்றுக்கொன்று துணைபுரிவதே அவற்றின் இயல்பு என்று உமாசுவாதி வகுத்தார். ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களும் கைகட்டியிருப்போர் செய்பவையல்ல.

ஆனால் மறுப்புரைத்து மகிழ்ந்துவிட்டால் போதுமா? நூலில் உள்ளது நம் வாழ்வில் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளாமல் அவரை மறுக்கும் உரிமை நமக்கில்லை. கிழங்கை விலக்குகின்றோம், நீரை வடிகட்டுகின்றோம், இரவுணவைத் துறக்கின்றோம். வெயிலில் வண்டியிழுத்து வாசலில் நிற்கும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினோமா? வீட்டு வேலை செய்யும் பெண் உடல்நலம் குன்றியபோது மருந்துக்கு வழி செய்தோமா? பலர் செய்கின்றனர், எல்லாரும் செய்வதாகச் சொல்லமுடியாது. அவருடைய குறைகூறல் நம் நூல்களின்மேல் பொருந்தாது. நம் நடைமுறையின்மேல் சில வேளைகளில் பொருந்திவிடுகின்றது.

அவரிடம் இருந்த குறை

ஷ்வைட்சரைக் குற்றமற்றவராக நாம் காட்ட விரும்பவில்லை. தம் வாழ்வின் பெரும்பகுதியில் அவர் புலாலை முற்றிலும் விலக்கியவரல்லர். தூக்கணாங்குருவிக் கூடுகளைச் சூறையாடும் பறவைகளுக்கும் பாம்புகளுக்கும் எதிராகத் துப்பாக்கி வைத்திருந்தார். இவற்றினும் பெரிய குறை மனிதரைப் பற்றியது. ஆப்பிரிக்கரைத் தம் உடன்பிறந்தார் என்றார். ஆயினும் தம்மை மூத்தவராகவும் அவர்களை இளையவராகவும் கருதினார். பொறுப்பு மிக்க பணிகளுக்கு அவர்களைப் பழக்குவதில் பின்தங்கினார். 1960 ஆகத்து 17-ஆம் நாள் காபோன் விடுதலை பெற்றது. அம்மக்களுள் படித்தோர் பலர்க்கு இம்மனப்பான்மை வருத்தம் அளித்தது. மருத்துவமனை பழைய முறையிலேயே நின்றுவிட்டதென்று அங்கு வந்து பார்த்தோரும் குறை கூறினர்.

தேரைக்குக் குனிந்த அவர் முதுகு, அருகில் நின்ற மனிதரைச் சமமாக நோக்க நிமிரவில்லையோ என்று எண்ணத் தோன்றுகின்றது. சிற்றுயிருக்கு இரங்குவோர் வாயுள்ள மனிதரின் தன்மதிப்பை மறந்துவிடும் இடர் எங்கும் உண்டு. அணிலுக்காகச் சிறுவனை அடித்த நாம் இதனை அறிவோம்.

இறுதி ஆண்டுகள்

இரண்டாம் உலகப்போர் முழுவதும் அவர் லம்பரேனேயிலேயே இருந்தார். யூதக் குடிப்பிறந்த எலேன் அம்மையார் அரிதின் முயன்று ஐரோப்பாவிலிருந்து தப்பி 1941-இல் அங்கு வந்து சேர்ந்தார். 1952-ஆம் ஆண்டுக்குரிய அமைதி நோபல் பரிசு 1953-இல் ஷ்வைட்சருக்கு அறிவிக்கப்பட்டது. அப்பொருளைத் தொழுநோயாளர்க்கு ஒரு குடியிருப்பு அமைக்கச் செலவிட்டார். அதற்காக எண்பதை எட்டும் அகவையிலும் தாமே களத்தில் நின்று உழைத்தார்.

1957 ஏப்பிரலில், அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு ஓஸ்லோ வானொலி வாயிலாக உலகை வேண்டினார். கதிரியக்கப் பொருள்கள் மழையோடு மண்ணில் வீழ்ந்து, புல்லிலும் பாலிலும் மீனிலும் பறவையிலும் சேர்ந்து, இறுதியில் குழந்தைகளின் எலும்பில் தங்கும் வழியை எளிய சொற்களால் விளக்கினார். அதே ஆண்டு சூன் 1-ஆம் நாள் எலேன் அம்மையார் மறைந்தார். 1958-இல் ஷ்வைட்சர் மீண்டும் மூன்று உரைகள் விடுத்தார். 1963-இல் நிலத்தின் மேலும் வானிலும் நீரடியிலும் அணுகுண்டுச் சோதனை செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. பூச்சிக்கொல்லிகளால் பறவைகள் மடிவதை உலகுக்கு உணர்த்திய அமெரிக்க அறிஞர் ரேச்சல் கார்சன் அம்மையார், 1962-இல் வெளிவந்த மௌன வசந்தம் என்னும் தம் நூலை ஷ்வைட்சருக்கே உரிமையாக்கினார்.

1965 செப்டம்பர் 4-ஆம் நாள், 90-ஆம் அகவையில், லம்பரேனேயில் ஷ்வைட்சர் காலமானார். ஒகோவே ஆற்றங்கரையில், துணைவியாரின் நினைவிடத்தருகே அவரை அடக்கம் செய்தனர். 1981-இல் அவ்வூரில் புதிய மருத்துவமனை எழுந்து பணி தொடர்ந்தது.

நான்காம் மாலை கதையை முடித்தபோது நம் பேத்தி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, உண்டிவில்லோடு வந்த அந்தச் சிறுவன் இப்போது எங்கிருக்கின்றான் என்று கேட்டாள். தெரியவில்லை என்றோம். அவனைக் கண்டால் என்ன சொல்வீர்கள் என்றாள். மன்னிப்புக் கேட்போம் என்றோம். தசலக்ஷண நோன்பின் முடிவில் உத்தம க்ஷமை வேண்டி ஒருவர்க்கொருவர் கைகூப்புகின்றோம். எல்லா உயிர்களிடத்தும் மன்னிப்பு வேண்டும் அந்நாளில், நாம் வருத்திய சிற்றுயிர்களோடு நாம் வருத்திய மனிதரையும் பெயர் சொல்லி நினைப்போமாக. அவன் பெயர் நமக்கு இன்றும் நினைவிருக்கின்றது.